கயலியின் அம்மா

இரண்டாவது பக்கம் முடிவதற்குள் கயலியின் அம்மா செத்துப்போனாள். ஜெசிந்தா புத்தகத்தைப் பட்டென்று மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள். இதைத்தான் படிக்கிறாளா இவள், இட்லியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சட்னி சொட்டுவதுகூடத் தெரியாமல், இதைத்தானா? காலையில் மகள் ஷெரின் கையிலிருந்து இதைப் பிடுங்கிக் கைப்பையில் திணித்தபோது அட்டையைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கத்தானே லீவு விட்டிருக்கிறார்கள், பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் விரிக்காமல் கிடக்கிறது, இது மட்டும் தலையணைக்கடியில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், குளியலறை ஜன்னல் திட்டில். "பரீட்சை முடியட்டும், தாரேன்" என்று சொல்லிவிட்டு, ஆபீசுக்குப் போகிறேன் என்று இன்னொன்றும் சொல்லிவிட்டு, தூத்துக்குடி ரயில் நிலையத்து முன்பதிவு கவுண்டரில் போய் உட்கார வேண்டியவள் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறி இந்த ஆஸ்பத்திரியின் நீல நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். இடது மார்பில் ஊசி குத்தி எடுத்த இடம் இன்னும் லேசாக வலித்தது. வலிக்கிறதா, வலிப்பதாக நினைத்துக்கொள்கிறோமா என்று மூன்று நாளாகவே அவளுக்குத் தெரியவில்லை. ரிசல்ட் வந்துவிட்டது, டாக்டர் கூப்பிடுவார்கள், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போன நர்சின் முகத்தில் ஏதாவது தெரிந்ததா? தெரியவில்லை. தெரியாமல் இருக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறவர்களுக்கு, கன்ஃபர்ம் ஆகலாம் ஆகாமலும் போகலாம் என்று சொல்லும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று முதல் தடவையாக நினைத்தாள். போன் கைப்பைக்குள் துடித்தது. ஷெரின்தான். 'மா, புக்க எங்க வச்ச?' கொஞ்ச நேரம் கழித்து, 'மா ப்ளீஸ்.' பதில் போடாமல் போனைத் திரும்ப உள்ளே போட்டாள். செத்துப்போனாளாம். ஒரு காய்ச்சல், ஒரு பத்தி, அவ்வளவுதான். 'அம்மாவின் செருப்பு மட்டும் வாசலிலேயே கிடந்தது, யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.' அந்த வரியில் கண் போய் மாட்டிக்கொண்டது. ஜெசிந்தா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பழுப்பு நிறச் செருப்பு, வலது கால் வார் ஒருமுறை தைத்தது. இதுவா கிடக்கும்? வீட்டுக்குள் போடுகிற அந்த நீல ரப்பர் செருப்பா?

நினைத்துப் பார்த்தால் ஷெரின் படிக்கிற எந்தப் புத்தகத்திலும் அம்மா ஒழுங்காக இருந்ததே இல்லை. சாயங்காலம் வெங்காயம் உரிக்கும்போது அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கதை சொல்லுவாள். கேட்கிறாயா என்று கேட்க மாட்டாள், தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். பெண்கள் விடுதியில் மாடிப்படியேறும் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிற பேய்க் கதை. அதில் அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. சைக்கிள் பந்தயத்தில் ஜெயிக்கிற பெண்ணின் கதை. அதில் அம்மா குவைத்தில் இருக்கிறாள், வாரத்துக்கு ஒருமுறை போனில் மட்டும் வருவாள். ரோஸ் நிறத்தில் அட்டை போட்ட ஒரு காதல் கதை, அதைப் பற்றி மட்டும் ஷெரின் அதிகம் சொல்லவில்லை, கேட்டதற்கு, "அதுல அம்மா வேற கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுதா மா, நீ வெங்காயத்தப் பாரு" என்றாள். அப்போது ஜெசிந்தா சிரித்தாள். இப்போது, இந்த மருந்து வாசனையில், ஏசி குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் புத்தகங்களெல்லாம் ஷெரினின் அலமாரியிலிருந்து இறங்கி வரிசையாக எதிர் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்து தன்னையே பார்ப்பது போலிருந்தது. உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாக்கும். என் பிள்ளையைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தீர்களாக்கும். சே, என்ன நினைப்பு இது. புருஷன் அன்டனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவனிடம், பிரேசிலுக்குப் பக்கத்தில் எங்கோ மிதந்துகொண்டிருக்கிறவனிடம் என்னவென்று சொல்வது? துறைமுகத்துக்கு வந்து அவனே கூப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம். கூப்பிடுவான், என்னம்மா எல்லாரும் சுகமா என்பான், சுகம் என்பாள், அப்படித்தான் பதினெட்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அவன் கடலில், இவள் கண்ணாடிக்குப் பின்னால், பிள்ளை புத்தகத்துக்குள். பிள்ளை. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை காலையில் யார் எழுப்பி எழுந்திருக்கும்? அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிற பிள்ளை. தலையைத் துவட்டத் தெரியாத பிள்ளை, ஈரத்தோடு பின்னிக்கொண்டு போய்த் தும்மும். அழக் கூடாது, எதிரில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள், ஊமைப் படமாக ஓடுகிற டிவியில் யாரோ தாளிக்கிறார்கள். எதையாவது பார்க்க வேண்டும். மடியில் கிடந்ததைத் திருப்பினாள்.

'இருள்கடல் ஓடம்' என்று கோணலாக எழுதியிருந்தது அட்டையில். உப்பு விளைகிற ஒரு தீவு. அங்கே ஒருநாள் கடலின் மேல் சூரியன் எழவில்லை. அக்கரையில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து யாராவது போய் நெருப்புக் கொண்டுவர வேண்டும், பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அம்மா ஓட்டிய ஓடத்தை அவிழ்த்துக்கொண்டு கயலி புறப்பட்டுவிடுகிறாள். பதினைந்து வயசு. கூட ஒரு திக்குவாய்ப் பையன், சுக்கான் என்று பெயர். ஜெசிந்தா முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தாள். கடலோரத்தில் பிறந்தவள், ஓடத்தைப் பற்றித் தப்பாக எழுதியிருந்தால் தெரியாமல் போகாது. தப்பாக எழுதவில்லை. காற்று திரும்புவதற்கு முன்னால் தண்ணீரின் தோல் சுருங்கும் என்று எழுதியிருந்தது, சரிதானே, சுருங்கத்தான் செய்யும், சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், அதற்கு இப்படி ஒரு வார்த்தை கிடைக்குமென்று தோன்றியதில்லை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம். நர்ஸ் யாரையோ கூப்பிட்டாள், நிமிர்ந்தாள், தன் பெயர் இல்லை, குனிந்தாள். 'பயம் முதலில் வயிற்றில்தான் வந்து உட்காரும், பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிற மாதிரி. அது உட்கார்ந்த பிறகுதான் நமக்கே தெரியும், இன்னும் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று.' யார் எழுதியது இது? எப்படித் தெரியும்? சரியாக அங்கேதான், தொப்புளுக்கு மேலே, போன புதன்கிழமை குளிக்கும்போது கையில் அந்தச் சின்னக் கட்டி தட்டுப்பட்ட நிமிஷத்தில், அங்கேதான் யாரோ துண்டு போட்டார்கள். அவளுக்குத் தெரிந்த பெரியவர்கள் யாரும் பயத்தைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. ஒண்ணுமில்ல, ஒண்ணும் இருக்காது, மாதாகிட்ட வேண்டிக்கோ. அக்கா அப்படித்தான் சொன்னாள். கவுண்டரில் பக்கத்து சீட்டு லதாங்கியும் அதையே சொன்னாள். ஒண்ணுமில்ல என்று சொல்லச் சொல்லத் தனியாகிப்போன மாதிரிதான் இருந்தது. இந்தப் புத்தகமோ, பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கென்று எழுதின புத்தகம், ஒண்ணுமில்ல என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. சுக்கான் கேட்கிறான், பயமா இருக்கா? இருக்கு என்கிறாள் கயலி. எனக்கும் என்கிறான் அவன். அவ்வளவுதான், அடுத்த வரியில் அலை வந்துவிடுகிறது. நடுவில் யாரும் நின்று புத்திமதி சொல்லவில்லை. பிள்ளைகளா, இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால் என்று யாரும் தொண்டையைச் செருமவில்லை. இதைப் படிப்பதற்கா வேண்டாம் என்றேன்? தன் பிள்ளை இவ்வளவு நாளாக இப்படி ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், மரியாதையாக, நேருக்கு நேராக, ஒளிக்காமல் பேசுகிற ஒரு ஆளோடு. ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"ஐயோ, அக்கா! நீங்களும் இதப் படிக்கியளா?"

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தது எப்போதென்று தெரியவில்லை. கல்லூரிக்குப் போகிற வயது. காலேஜ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. இசக்கி என்று இருந்தது அதில். மதினிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தாளாம், நாங்குநேரிப் பக்கம், உள்ளே போன மதினி இன்னும் வரவில்லையாம். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "எங்க வரைக்கும் வந்திருக்கியக்கா? சுழிக்குள்ள போயாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல. எங்க வீட்டுப் பிள்ளையோடது இது. சும்மா பொரட்டிப் பாத்தேன்."

"சும்மாப் பொரட்டுதவங்க யாரும் நகத்தக் கடிக்க மாட்டாங்க." சிரித்தாள். "நான் ஒம்பதாம் கிளாஸ்ல பிடிச்சேன் இந்த மாதிரி புக்கெல்லாம். இப்பவும் விட முடியல. எங்க பிரண்ட்ஸ் கேலி பண்ணுவாங்க, சின்னப் பிள்ளைக புக்குன்னு. பண்ணட்டும். பரீட்சையில ஃபெயிலானப்ப ரெண்டு நாள் யார்கூடவும் பேசாம பேய்க் கதையாப் படிச்சேன். அதுல வார பேயப் பாத்தா எங்க எச்.ஓ.டி. எவ்வளவோ பரவாயில்லன்னு ஆயிட்டு."

ஜெசிந்தாவுக்கு வாய் வரை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. "ஏம்மா, ஒண்ணு கேக்கேன். இதுல எல்லாம் ஏன் அம்மாவ மட்டும் சாகடிக்காங்க?"

எதற்காகக் கேட்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போலக் கையை விரித்தாள்.

"பின்ன, அம்மா இருந்தா ராத்திரி ஓடத்த எடுத்துட்டுக் கடலுக்குப் போக விடுவாளாக்கா? சாப்பிட்டியா, சுவெட்டர் எங்க, யாருட்டி அந்தப் பையன்னு கேட்டே மொத அத்தியாயத்துல கதைய முடிச்சிருவால்லா!"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சத்தமாக. எதிரில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரமாக வயிற்றில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தது எதுவோ ஒரு நிமிஷம் எழுந்து நின்று இடம் விட்டது. இசக்கியும் சிரித்தாள், அதற்குள் உள்ளேயிருந்து மதினி வந்துவிட, "வாரேங்க்கா, சுழி வரும்போது மூச்சு முட்டும், தண்ணி பக்கத்துல வச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள்.

விடுவாளாக்கா. விட மாட்டாள். ஜெசிந்தா விட்டதில்லை. கொடைக்கானல் டூருக்கு விடவில்லை, வளைவு அதிகம், டிரைவர்கள் தூங்கிவிடுவார்கள். எட்டாம் வகுப்பில் கேட்ட சைக்கிளைப் பத்தாம் வகுப்பில் வாங்கிக்கொடுத்துத் தெருமுனை வரைதான் என்றாள். ஊருக்கு வெளியே ஒரு பஸ்ஸில் தனியாக ஏறியதில்லை ஷெரின், திருச்செந்தூருக்குக்கூட. அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது துறைமுகக் கடற்கரையில் அலையைப் பார்த்து ஓடப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததில் வளையல் நெளிந்துவிட்டது, அந்தக் கைப்பிடியை அன்றிலிருந்து இன்னும் விடவில்லையோ? புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற பெண்ணிடம் பிள்ளையையும் அனுப்பு என்றால் எப்படி? அப்படியென்றால் அந்தப் பிள்ளைகளெல்லாம், இசக்கி மாதிரி, ஷெரின் மாதிரி, அம்மா செத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. புயலைக் கயலி தாண்டிவிடுவாள், சுழியைத் தாண்டிவிடுவாள், இருட்டில் வாயைத் திறந்துகொண்டு வரும் அதை, அது மீனா பாம்பா என்று இன்னும் சொல்லவில்லை, அதையும் தாண்டிவிடுவாள். அம்மாவை மட்டும் தாண்ட முடியாது. எழுதுகிற ஆளுக்கே அது முடியாது. அதனால்தான் முதலிலேயே அவளைச் சாகடித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார். நினைக்க நினைக்க ஜெசிந்தாவுக்கு ஒரு மாதிரி பெருமையாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. செத்துப்போன அந்த அம்மா இன்னும் போகவும் இல்லையே. கயிறு அறுந்தால் எப்படி முடிச்சுப் போட வேண்டும் என்று கயலியின் விரலுக்குத் தெரிகிறது, யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை, விரலுக்கு ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. ஷெரினின் விரலுக்கு என்ன தெரியும்? வெங்காயம் உரிக்கக்கூட விட்டதில்லையே, கண் எரியும் என்று. ஏன் உட்கார வைத்துக் கதை மட்டும் கேட்டேன், ஒரு கத்தியைக் கையில் கொடுத்திருக்கலாமே. கொடுக்கலாம். இன்றைக்குச் சாயங்காலமே கொடுக்கலாம். இன்றைக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நடுவில் டாக்டர் அறையின் அந்தக் கதவு இருக்கிறது. கதவின் மேல் இருக்கிற எழுத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்காகவே குனிந்து படித்தாள், சுழி வந்தது, உண்மையாகவே மூச்சு முட்டியது, ஓடத்தின் மூக்கு செங்குத்தாக இறங்குகிறது, சுக்கான் கத்துகிறான், திக்காமல் கத்துகிறான், முதல் தடவையாகத் திக்காமல், அந்தப் பையன் திக்காமல் கத்தியதற்கு அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பார், எங்கே வருகிறது பார், தனக்கு அழாதவள், காகிதத்தில் இருக்கிற ஒரு பையனுக்கு...

"ஜெசிந்தா அன்டன்."

எழுந்தாள். பக்கத்தின் ஓரத்தை மடக்கினாள். மடக்கக் கூடாது என்று ஷெரின் சண்டை பிடிப்பாள். மடக்கிவிட்டாள்.

டாக்டர் மெஹருன்னிசாவுக்குத் தன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். உட்காருங்க என்றார். கூட யாரும் வரலையா என்றார். இல்லை என்றதும் தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி நகர்ந்த சத்தத்திலேயே ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"கெட்ட கட்டிதாம்மா. சின்னதா இருக்கும்போதே பிடிச்சிட்டோம். அக்குள் பக்கம் பரவின மாதிரி ஸ்கேன்ல தெரியல. ஆபரேஷன் பண்ணணும், பிறகு கொஞ்ச நாளைக்கு மருந்து ஏத்தணும். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நல்லா ஆகிறவங்கதான் அதிகம்."

"கேன்சர்."

"ஆமாம்மா."

"எனக்குப் பயமா இருக்கு டாக்டர்" என்றாள் ஜெசிந்தா. வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்படி யாரிடமும் சொன்னதில்லை, அன்டன் போன கப்பல் புயலில் மாட்டியபோதுகூட. டாக்டர் ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினார். பயமாத்தான் இருக்கும், கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க என்றார். கேட்டாள். எத்தனை நாள் படுக்க வேண்டும், முடி கொட்டுமா, கவுண்டரில் எப்போது போய் உட்காரலாம். ஒன்றையும் விடாமல் கேட்டு முடித்தாள்.

வெளியே வராந்தாவில் வெயில் அடித்தது. ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். போனை எடுத்தாள். அக்காவைக் கூப்பிடலாம். அக்கா அழுவாள், அவளைச் சமாதானம் செய்ய வேண்டும். அன்டனுக்கு எட்டாது. பிள்ளையிடம் பரீட்சை முடியும் வரை சொல்லக் கூடாது, எப்படிச் சொல்வது, மனசு உடைந்துவிடும், படிக்க மாட்டாள். பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆபீசில் டிரெயினிங் என்று சொல்லி நாலு நாள் அக்கா வீட்டில் விடலாம். என்னென்ன பொய் என்று மனசு அடுக்கிக்கொண்டே போனது, அடுக்கி முடிப்பதற்குள் கை கூப்பிட்டுவிட்டது.

"மா! புக்க நீதான எடுத்துட்டுப் போயிட்ட? வீடு பூரா தேடிட்டேன். அதுவும் சுழிக்கு முந்தின பக்கத்துல விட்டிருக்கேன், மனசாட்சியே இல்லியா உனக்கு?"

"ஏட்டி, கொஞ்சம் கேளு. நான் ஆபீசுக்குப் போகல. பாளையங்கோட்டைல ஆஸ்பத்திரியில இருக்கேன்."

அந்தப் பக்கம் ஷெரின் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு கட்டி இருந்துச்சு. ஊசி போட்டுப் பாத்தாங்க. இப்பத்தான் சொன்னாங்க. கேன்சர்தான். ஆரம்பம்தானாம், ஆபரேஷன் பண்ணா சரியாகும்ங்காங்க. உங்கிட்ட ஒளிக்கணும்னுதான் நெனச்சேன். முடியல."

ஷெரின் அழுதாள். அழுகிறாள் என்று காட்டாமல் இருக்கப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஆனாலும் கேட்டது. ஜெசிந்தா அழாதே என்று சொல்லவில்லை. வெயிலில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"தனியாவா இருக்க?"

"ம். வெளிய வெயில்ல நிக்கேன்."

"நான் இப்ப அங்க வாரேன்."

"வேண்டாம், நானே பஸ் பிடிச்சு..."

"மா. நான் வாரேன்."

வல்லநாட்டுப் பக்கம் லாரிகள் வரும் வேகம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன், பாளையங்கோட்டையில் இறங்கத் தெரியாமல் ஜங்ஷன் வரை போய்விடுகிற பிள்ளை, மொட்டை வெயில், போனில் சார்ஜ் இருக்கிறதோ என்னவோ. எல்லாம் ஒரே சமயத்தில் ஜெசிந்தாவின் கண் முன்னால் வந்து வரிசை கட்டி நின்றன. வாயைத் திறந்தாள். ஷெரின் காத்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, முடிவெடுத்துவிட்ட ஆள் மூச்சுவிடுகிற மாதிரி நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குரல் எப்போது வந்தது இவளுக்கு? வீட்டில்தான் இருந்திருக்கிறது. அடுப்படி மேடையில் கால் ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

"பாளை பஸ் ஸ்டாண்டுன்னு கண்டக்டர்கிட்ட சொல்லி ஏறு" என்றாள் ஜெசிந்தா. "ஆஸ்பத்திரி பேர மெசேஜ்ல போடுதேன், இறங்கி யார்கிட்டயாவது வழி கேளு. கேட்டா சொல்லுவாங்க."

"சரி. நீ சாப்டியா?"

"இல்ல."

"சாப்பிடாம எதுக்கு வெயில்ல நிக்க? போய் உள்ள உக்காரு. நான் வந்து ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

"சரி" என்றாள் ஜெசிந்தா. உள்ளே போய் உட்கார்ந்தாள்.